நம்பிக்கை கேட்டுப் பெறுவதன்று

சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை பெற நாள் குறித்துக்கொண்ட சிலர், குறித்த நாளில் வருவதில்லை. தொலைபேசியில் விசாரித்தால் முதலில் வேறு காரணம் சொல்வார்கள். சற்றுப் பொறுமையாகக் கேட்டால் உண்மை வெளிவரும்: "மயக்க மருந்து கொடுத்தபின் உள்ளே என்ன நடக்கிறதென்று எங்களுக்கு எப்படித் தெரியும்? கிட்னியை எடுத்துவிட்டால்?"

இக்கேள்வியைக் கேட்டு மருத்துவர்கள் கோபம் கொள்வதும், ஊழியர்கள் நகைப்பதும் தவறு. இந்த அச்சம் வெறும் வதந்தியிலிருந்து பிறந்ததன்று. நம் வட்டாரத்தில் நடந்த ஒரு நிகழ்வு அதன் பின்னணியில் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் "எங்களை நம்புங்கள்" என்று மட்டும் சொல்வது பொருளற்றது. எனவே இந்த இதழில் அதைப் பற்றியே எழுதுகிறோம்.

பள்ளிபாளையத்தில் நடந்தது என்ன?

நாமக்கல் மாவட்டத்தில், காவிரியின் கரையில், ஈரோட்டுக்கு எதிரே இருக்கும் ஊர் பள்ளிபாளையம். விசைத்தறிகளின் ஓசையில் விழித்து, அதே ஓசையில் உறங்கும் ஊர். 2025 ஜூலையில், அங்குள்ள ஏழை விசைத்தறித் தொழிலாளர்கள் சிலர் தரகர்கள் வழியாகத் தம் சிறுநீரகத்தை விற்றதாகச் செய்திகள் வெளிவந்தன. கடன்சுமையே அவர்களை அந்நிலைக்குத் தள்ளியது. தமிழ்நாடு அரசு விசாரணை நடத்தி, திருச்சி, பெரம்பலூர் பகுதிகளைச் சேர்ந்த இரண்டு தனியார் மருத்துவமனைகளின் சிறுநீரக மாற்று உரிமத்தை நிறுத்தியது. ஆகஸ்ட் மாதத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இதை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்க உத்தரவிட்டது.

மருத்துவத் துறையைச் சேர்ந்தவர்கள் என்ற முறையில் இச்செய்தி எங்களுக்கும் தலைகுனிவே. அறுவை அரங்கமும் உரிமமும் மருத்துவரின் கையொப்பமும் இன்றி ஒரு சிறுநீரகம் ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்ல முடியாது. "எல்லாம் தரகர் செய்த குற்றம்" என்று சொல்லி மருத்துவத் துறை விலகி நிற்க இயலாது.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பள்ளிபாளையத்தில் எழுந்த புகார், வேறு நோய்க்குச் சிகிச்சை பெற வந்தவரின் சிறுநீரகத்தை அவர் அறியாமல் எடுத்தார்கள் என்பதன்று. வறுமையில் இருந்தவரிடம் பணத்தாசை காட்டி, அவரைக் கொடையாளராகக் காட்டினார்கள் என்பதே. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தால், எங்கே விழிப்பாக இருக்க வேண்டும் என்பதும் தெரியும்.

கல்லுக்கான சிகிச்சையில் சிறுநீரகம் போகுமா?

வளர்ந்த ஒருவரின் சிறுநீரகம் ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுடையது. கல்லை அகற்றும் சிகிச்சைகளில் ஒன்று, சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய குழாயைச் செலுத்தி லேசர் கொண்டு கல்லை உடைப்பது. அதில் உடலில் வெட்டே இல்லை. மற்றொன்று, முதுகுப்புறத்தில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவில் துளையிட்டு, அதன் வழியே கல்லை உடைத்து எடுப்பது. அத்துளை வழியே சிறுநீரகம் வெளிவர வழியில்லை.

அதுமட்டுமன்று. எடுத்த சிறுநீரகத்தை யாருக்கு வேண்டுமானாலும் பொருத்திவிட முடியாது. இரத்த வகை பொருந்த வேண்டும். திசுப் பொருத்தம் பார்க்க வேண்டும். பெறுபவரின் இரத்தம் கொடுப்பவரின் அணுக்களை எதிர்க்கிறதா என்று சோதிக்க வேண்டும். இச்சோதனைகள் அனைத்தும் கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் முன்கூட்டியே நடப்பவை. பெறுபவரும் அறுவைக்கு ஆயத்தமாக இருந்தாக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஐயம் தீரவில்லையா? அதைத் தீர்க்க எளிய வழி இருக்கிறது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் வயிற்றில் ஓர் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். இரண்டு சிறுநீரகங்களும் அதில் தெரியும். நீங்கள் விரும்பும் வேறு இடத்திலேயே அந்த ஸ்கேனை எடுத்துக்கொள்ளலாம். அதை எந்த மருத்துவரும் அவமதிப்பாகக் கருதக்கூடாது.

இங்கு ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவர் பிறவியிலேயே ஒரே ஒரு சிறுநீரகத்துடன் இருக்கக்கூடும். சிலருக்கு ஒரு சிறுநீரகம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் இடுப்புக்குழியில் அமைந்திருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் அறுவை செய்துகொண்டவர், பின்னொரு நாள் ஸ்கேனில் "ஒரு சிறுநீரகம் காணவில்லை" என்று அறிந்து திடுக்கிடுவதுண்டு. அதற்குக் காரணம் திருட்டாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்வதற்கு முன், பழைய ஸ்கேன் அறிக்கைகளையும் அறுவைக் குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு சிறுநீரக நிபுணரைக் காணுங்கள். மருத்துவ ஆவணங்களைப் பத்திரப்படுத்தி வைப்பது இதற்காகவும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 2011இல் திருத்தப்பட்டது. அதன்படி உயிருடன் இருப்பவர் தம் நெருங்கிய உறவினருக்கு உறுப்புக் கொடையளிக்கலாம். கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி ஆகியோரே நெருங்கிய உறவினர். மற்றவர்கள் அன்பின் காரணமாக மட்டுமே கொடுக்கலாம்; அதற்கு அங்கீகாரக் குழுவின் முன்னனுமதி தேவை. பணம் கைமாறினால் அது குற்றம். உறுப்பு வணிகத்தில் ஈடுபட்டால் 5 முதல் 10 ஆண்டுகள் வரை சிறையும், 20 இலட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

மோசடி நுழைவது இந்த "அன்பின் காரணமாக" என்னும் வாசலில்தான். முன்பின் அறியாதவரை நண்பர் என்றோ உறவினர் என்றோ காட்டுவதற்குப் போலி ஆவணங்கள் ஆயத்தம் செய்யப்படுகின்றன. ஆகவே உங்களிடம் யாரேனும் "கையொப்பம் மட்டும் போடு, குழு கேட்டால் இப்படிச் சொல்" என்று பயிற்சி அளித்தால், அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

நோயாளியின் குடும்பத்தாருக்கும் இதையே சொல்கிறோம். டயாலிசிஸ் படுக்கையில் தந்தையையோ தாயையோ வாரந்தோறும் பார்க்கும் வேதனையை நாங்கள் அறிவோம். அந்த வேதனையைக் குறிவைத்தே தரகர் பேசுவார். அவரிடம் போக வேண்டாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கும் இடமுண்டு. 1800 425 3993 என்னும் கட்டணமில்லா எண்ணில் விவரம் கேட்கலாம். உறவினர்களில் கொடையாளர் அமையாவிட்டால், மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளுக்கான மாநிலக் காத்திருப்புப் பட்டியலில், உரிமம் பெற்ற மருத்துவமனை வழியாகப் பெயரைப் பதிவு செய்யலாம்.

மூளைச்சாவு குறித்த ஐயம்

"உறுப்புக்காகவே இறந்துவிட்டார் என்று சொல்லிவிடுவார்களோ?" என்ற கேள்வியையும் எதிர்கொள்கிறோம். மூளைச்சாவை ஒரே மருத்துவர் அறிவிக்க முடியாது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு சோதிக்க வேண்டும். குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்க வேண்டும். உறுப்பு மாற்று அறுவைக் குழுவில் உள்ள எவரும் அக்குழுவில் இருக்கக்கூடாது. குடும்பத்தார் எழுத்தில் சம்மதித்தாலன்றி எந்த உறுப்பையும் எடுக்க முடியாது. "வேண்டாம்" என்று சொன்னாலும் உங்கள் மீது யாரும் குறை காண உரிமையில்லை.

2008இல் விபத்தில் மூளைச்சாவடைந்த சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடையளித்த பெற்றோர் இருவரும் மருத்துவர்களே. மூளைச்சாவு என்பது என்னவென்று நன்கறிந்தவர்கள், தம் சொந்த மகனுக்கு எடுத்த முடிவு அது. உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தரகர்களின் குற்றத்தால் இந்தக் கொடையும் நின்றுபோனால், காத்திருக்கும் நோயாளிகளே அதற்கு விலை கொடுப்பார்கள்.

கேட்க வேண்டியவை

நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வதன்று. அறுவைக்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

என்ன அறுவை, எந்தப் பக்கம், எந்த உறுப்பு? அறுவையே வேண்டாமென்றால் என்ன ஆகும்? வேறு சிகிச்சை உண்டா? செலவு எவ்வளவு?

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். படிக்க இயலாவிட்டால் படித்துக்காட்டச் சொல்லுங்கள். நிரப்பப்படாத தாளில் கையொப்பமோ கைரேகையோ இடாதீர்கள். ஒரு சோதனைக்குத் தந்த சம்மதம் வேறோர் அறுவைக்குத் தந்த சம்மதம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல், சமிரா கோலி வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. உயிரைக் காக்க உடனடியாகச் செய்தே ஆகவேண்டிய நிலை மட்டுமே விதிவிலக்கு.

மருத்துவ ஆவணங்களின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நெறிமுறை விதி. வேறொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் உங்கள் உரிமையே.

குறை இருந்தால் முதலில் எங்களிடமே சொல்லுங்கள். தீராவிட்டால் 104 என்னும் அரசு உதவி எண்ணிலோ, மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திலோ, தமிழ்நாடு மருத்துவ மன்றத்திலோ முறையிடலாம். சேலத்திலும் நாமக்கல்லிலும் நுகர்வோர் குறைதீர் ஆணையங்கள் உள்ளன.

ஒரு சிறுநீரகத்துடன் வாழ்வோருக்கு

இறுதியாக, எக்காரணத்தாலோ ஒரு சிறுநீரகத்தை இழந்து, அதை வெளியே சொல்ல அஞ்சி வாழ்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களை எடைபோடுவது எங்கள் வேலையன்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் இரத்த அழுத்தத்தையும், இரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும், சிறுநீரில் புரதத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். தறியில் நின்று உடல் வலித்தால், கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அவற்றுள் பல சிறுநீரகத்தைக் கெடுப்பவை. எந்த நோய்க்குச் சென்றாலும், இருப்பது ஒரு சிறுநீரகமே என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மருந்தும் அளவும் அதைப் பொறுத்தே அமையும்.

குறித்த நாளில் வராமல் போனவர்களுக்கும் இதையே சொல்கிறோம். கல் அடைத்துக்கொண்டு சிறுநீர் தேங்கினால், அச்சிறுநீரகம் மெல்லச் செயலிழந்துவிடும். யாரோ எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சிக் காத்த சிறுநீரகத்தை, அந்த அச்சமே இழக்கச் செய்துவிடக்கூடாது. அச்சத்தோடு வந்தாலும் வாருங்கள், கேள்விகளோடு வாருங்கள். விடை சொல்வது எங்கள் கடமை.