பாட்டு முதலில், படம் பிறகு: அனிமேஷன் இசைப்படங்களில் பாடல் செய்யும் வேலை

அனிமேஷன் இசைப்படத்தில் பாடல், தான் இடம்பெறும் காட்சிக்கு முன்பே பிறந்துவிடுகிறது. நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் ஒரு காட்சியைப் பல கோணங்களில் படமாக்கி வைத்துக்கொண்டு, பின்னர் படத்தொகுப்பு மேசையில் வெட்டவும் நீட்டவும் வழியுண்டு. வரைந்து உருவாக்கும் படத்திலோ திரையில் ஓடும் ஒவ்வொரு வினாடிக்கும் 24 பிரேம்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருப்பதாலும், பாத்திரத்தின் உதடு எந்தப் பிரேமில் திறந்து எந்தப் பிரேமில் மூட வேண்டும் என்பதைப் பாடலே தீர்மானிப்பதாலும், குரல் பதிவாகாமல் ஓவியர் பென்சிலை எடுப்பதில் பயனில்லை. பதிவான பாட்டை அசை அசையாகப் பிரித்து, எந்த ஒலி எத்தனையாவது பிரேமில் தொடங்குகிறது என்று நீண்ட கட்டத்தாளில் குறித்துத் தருவது இத்தொழிலின் பழைய வழக்கம். அந்தத் தாளுக்கு எக்ஸ்போஷர் ஷீட் என்று பெயர். மூச்சு வாங்கும் இடமும், பாடகி ஒரு சொல்லை இழுக்கும் விதமும், குரலில் வரும் சிறு நடுக்கமும் அந்தத் தாளின் வழியாகவே பாத்திரத்தின் கண்ணுக்கும் கைக்கும் போய்ச் சேருகின்றன.

இந்த வரிசைமுறையால் பாடலாசிரியரின் இடமும் மாறிவிடுகிறது. காட்சி எவ்வளவு நேரம் நீளும், உணர்ச்சி எங்கே உச்சத்தைத் தொடும், பாட்டு முடியும்போது பாத்திரம் எந்த மனநிலையில் நிற்கும் என்பவற்றையெல்லாம் அவர் முதலிலேயே முடிவு செய்துவிடுவதால், அவர் பாதித் திரைக்கதை ஆசிரியராகிவிடுகிறார். இவ்வகைப் படங்களில் காலத்தைக் கடந்து நிற்பவற்றுள் பல, பாடலாசிரியர்கள் கதை பேசும் அறையிலேயே உட்கார்ந்து உருவாக்கியவை என்பது தற்செயலன்று.

இந்தச் சிந்தனையின் வேர் முதல் பெரும் வெற்றியிலேயே இருக்கிறது. 1937இல் வெளிவந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்துக்குப் பிராங்க் சர்ச்சிலும் லாரி மோரியும் பாடல்கள் அமைத்தபோது, அக்கால ஹாலிவுட் இசைப்படங்களைப் போல யாரோ ஒருவர் காரணமின்றிப் பாடத் தொடங்குவது கூடாது, பாட்டு கதையோடு பின்னிச் செல்ல வேண்டும் என்று கதை விவாதங்களில் வால்ட் டிஸ்னி வற்புறுத்தினார். நியூயார்க்கின் பிராட்வே மேடையில் ரிச்சர்ட் ராட்ஜர்ஸும் ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனும் 1943இல் ‘ஓக்லஹோமா!’ நாடகத்தின் மூலம் இதே கொள்கையை நிலைநிறுத்துவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே அது பேசப்பட்டிருக்கிறது. ஆனால் வால்ட் டிஸ்னி 1966இல் மறைந்த பிறகு டிஸ்னி நிறுவனத்தில் இந்தக் கொள்கையின் நினைவு மங்கத் தொடங்கியது. பாடல்களே இல்லாமல் 1985இல் வெளிவந்த ‘தி பிளாக் கால்ட்ரன்’ வசூலில் பெரும் தோல்வி கண்டபோது, அனிமேஷன் பிரிவே நீடிக்குமா என்ற கேள்வி எழுந்தது.

இத்தகைய சூழலில்தான் பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மனும் இசையமைப்பாளர் ஆலன் மென்கனும் அங்கே வந்து சேர்ந்தனர். பால்டிமோரில் 1950இல் பிறந்த ஆஷ்மன் பாடலாசிரியர் மட்டுமல்லர். நாடகம் எழுதியவர், இயக்கியவர். 1982இல் நியூயார்க்கின் சிறிய அரங்கொன்றில் இருவரும் மேடையேற்றிய ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ அவர்களுக்குப் புகழைத் தேடித் தந்திருந்தது. நடிகர்கள் நடிக்கும் திரைப்படங்களில் படிப்படியாக வழக்கொழிந்துவந்த இசை நாடக மரபுக்கு அனிமேஷனே சரியான அடைக்கலம் என்று ஆஷ்மன் நம்பினார். அந்த நம்பிக்கையில் ஆழமான உண்மை உண்டு. சதையும் இரத்தமுமான மனிதர் நடுத்தெருவில் திடீரெனப் பாடினால் அமெரிக்கப் பார்வையாளருக்கு அது செயற்கையாகத் தோன்றத் தொடங்கியிருந்த காலத்தில், பேசும் நண்டையும் நடக்கும் மெழுகுத்தண்டையும் ஏற்றுக்கொண்ட மனம் அவை பாடுவதையும் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டது.

1989இல் வெளிவந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ படத்துக்காக வேலை தொடங்கியபோது, ஆஷ்மன் ஸ்டுடியோவின் ஓவியர்களுக்கு ஒரு விளக்கவுரை நிகழ்த்தினார். ஏறக்குறைய எல்லா இசை நாடகங்களிலும் தொடக்கத்திலேயே, பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது பாட்டாக, தலைமைப் பாத்திரம் தனியே அமர்ந்து தனக்கு வாழ்க்கையில் மிக வேண்டியது எது என்று பாடும் என்பதும், அதைக் கேட்ட பார்வையாளர் அப்பாத்திரத்தின் பக்கம் சாய்ந்து, அந்த ஆசை நிறைவேறுமா என்ற கவலையோடு மீதிக் கதையைப் பின்தொடர்வார் என்பதும் அவர் சொன்னதன் சாரம். நாடகக்காரர்கள் இதை விருப்பப் பாடல் என்ற பொருளில் ஒரு தனிவகையாகவே வழங்குகின்றனர். கடலடிக் குகையில் ஏரியல் என்ற கடற்கன்னி, மனிதர்களிடமிருந்து சேகரித்த பொருள்களுக்கு நடுவே பாடும் ‘பார்ட் ஆஃப் யுவர் வேர்ல்ட்’ அவ்வகையைச் சேர்ந்தது.

அந்தப் பாட்டு வெட்டப்படும் நிலைக்கே வந்துவிட்டது. வண்ணம் தீட்டப்படாத பென்சில் ஓவியங்களோடு நடந்த முன்னோட்டக் காட்சியில், மெதுவாகச் செல்லும் அந்த இடத்தில் குழந்தைகளின் கவனம் சிதறுவதைக் கண்ட ஸ்டுடியோ தலைவர் ஜெஃப்ரி காட்சன்பெர்க் அதை நீக்கிவிட விரும்பினார். ஆஷ்மன் கடுமையாக எதிர்த்தார். இயக்குநர்கள் ஜான் மஸ்கரும் ரான் கிளமெண்ட்ஸும், ஏரியலை வரைந்த கிளென் கீனும் அவர் பக்கம் நின்றனர். ஓவியம் மேலும் முழுமையான பின் மறுபடி காட்டியபோது அரங்கம் அமைதியாகக் கவனித்தது. பாட்டு நீங்கியிருந்தால் இழப்பு ஓர் இனிய மெட்டு மட்டுமன்று: ஏரியல் தன் குரலையே விலையாகக் கொடுத்து மனிதக் கால்களைப் பெறத் துணிவது வெறும் முதற்காதலின் அவசரமாகச் சுருங்கிப்போயிருக்கும். இளவரசனைக் காண்பதற்கு முன்பே அவளுக்குக் கரை மீது ஏக்கம் இருந்தது என்பதைப் பார்வையாளருக்கு ஆழப் பதிப்பது அந்தப் பாட்டுத்தான்.

அதே படத்தில் சூனியக்காரி அர்சுலா பாடும் பாட்டு இன்னும் நுட்பமானது. ஏமாற்றுப் பேச்சு, பேரம், மிரட்டல், ஒப்பந்தத்தில் கையெழுத்து, குரல் பறிபோவது என்று கதையின் முழுத் திருப்பமும் அந்த ஒரு பாட்டுக்குள் நடந்து முடிகிறது. பாட்டு தொடங்கும்போது இருந்த ஏரியல் அது முடியும்போது இல்லை. அர்சுலாவாகப் பாடிய பாட் கேரல், ஆஷ்மன் தானே பாடிக் காட்டிய விதத்திலிருந்து உச்சரிப்பின் நெளிவு சுளிவுகளை எடுத்துக்கொண்டதாக மனம் திறந்து சொல்லியிருக்கிறார். பாடலாசிரியரின் குரல் நடிகையின் குரலாகி, பின்னர் ஓவியரின் கோடாகிய இந்தப் பயணத்தை வேறெந்தக் கலையிலும் இவ்வளவு தெளிவாகக் காண்பது அரிது. நண்டு செபாஸ்டியனைக் கரீபியத் தீவுக்காரனாக மாற்றும்படி சொன்னவரும் ஆஷ்மன்தான். ஆங்கிலேயப் பணியாளனின் சாயலில் யோசிக்கப்பட்டிருந்த அப்பாத்திரம் மாறியதால் கலிப்ஸோ தாளம் படத்துக்குள் வந்தது, ‘அண்டர் தி ஸீ’ ஆஸ்கர் விருது பெற்றது.

அடுத்த படமான ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ முதலில் பாடல்களற்ற படமாகத் திட்டமிடப்பட்டு, அந்த வடிவம் கைவிடப்பட்ட பிறகே இருவரும் அழைக்கப்பட்டனர். எய்ட்ஸ் நோயால் ஆஷ்மன் தளர்ந்துவந்த காலம் அது. கதை விவாதங்கள் நியூயார்க் மாநிலத்தில் அவர் வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு விடுதிக்கு மாற்றப்பட்டன. படத்தின் தொடக்கப் பாட்டு ஓர் ஊரையும், புத்தகம் படிப்பதால் அந்த ஊருக்குப் புரியாதவளாகிவிட்ட பெல் என்ற பெண்ணையும், அவளை அடையத் துடிக்கும் தற்பெருமைக்காரனையும் ஏறத்தாழ ஐந்து நிமிடங்களில் அறிமுகப்படுத்திவிடுகிறது. உரையாடலால் அதைச் செய்ய முயன்றால் படத்தின் முதல் கால் பகுதியே போய்விடும்.

இப்படத்தில் காலம் என்ற சிக்கலும் இருந்தது. சாபத்தால் பொருள்களாகிவிட்ட மாளிகைப் பணியாளர்கள் மீண்டும் மனிதராகும் கனவைப் பாடும் ஒரு நீண்ட பாட்டில் மாதங்கள் பல கடந்து செல்வதாக இருந்தது. அத்தனை மாதங்களும் வெளியே அலையும் பெல்லின் தந்தை என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அதை எடுத்துவிட்டு எழுதிய ‘சம்திங் தேர்’ பாட்டில், பெல்லும், சாபத்தால் விலங்குருவம் பெற்ற மாளிகைத் தலைவன் பீஸ்டும் வாய் திறக்காமலேயே மனத்துக்குள் பாடுகின்றனர்; வெறுப்பு பரிவாக மாறுவதைப் பார்வையாளர் அவர்களுக்கும் முன்பாக அறிந்துகொள்கிறார். நம்பகத்தன்மைக்குச் சோதனையான அந்த மனமாற்றத்தை இரண்டரை நிமிடத்துக்கும் குறைவான ஒரு பாட்டு சுமந்து கடப்பது எளிய காரியமன்று. படம் திரைக்கு வருவதற்கு எட்டு மாதங்கள் முன்பு, 1991 மார்ச் 14 அன்று, தமது 40ஆம் வயதில் ஆஷ்மன் காலமானார். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையைப் பெற்ற முதல் அனிமேஷன் படமாக அது அமைந்ததை அவர் காணவில்லை.

‘அலாவுதீன்’ கதையை ஸ்டுடியோவுக்கு முதலில் முன்மொழிந்தவரும் அவரே. 1992இல் வெளிவந்த அந்தப் படத்தில் அவர் எழுதியவற்றுள் மூன்று பாடல்கள் எஞ்சின. மீதியை டிம் ரைஸ் எழுதினார். கதையிலிருந்து தாய்ப் பாத்திரம் நீக்கப்பட்டதால், தாயைப் பெருமைப்படுத்துவதாக மகன் உறுதி கூறும் ஆஷ்மனின் பாட்டும் போனது. பாட்டு கதையோடு எவ்வளவு இறுகப் பிணைந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று. மறுபுறம், அரபு மக்களைக் காட்டுமிராண்டிகளாகச் சித்திரித்த தொடக்கப் பாட்டின் வரிகளை அமெரிக்க அரபு அமைப்பினர் கண்டித்த பின், 1993இல் வெளியான வீடியோ பதிப்பில் சில சொற்கள் மாற்றப்பட்டன. அந்தக் கண்டனம் நியாயமானது. குழந்தைகள் மனப்பாடம் செய்துவிடும் வரிகளை எழுதுபவருக்கு அந்த அளவு பொறுப்பும் உண்டு.

ஆஷ்மன் வகுத்த வழி அவரோடு முடியவில்லை. 2013இல் வெளிவந்த ‘ஃப்ரோஸன்’ படத்தில் அரசி எல்சா முதலில் கொடியவளாகவே கருதப்பட்டிருந்தாள். கிறிஸ்டன் ஆண்டர்சன்-லோபஸ், ராபர்ட் லோபஸ் தம்பதியர் அவளுக்காக எழுதிய ‘லெட் இட் கோ’, அச்சத்திலிருந்து விடுபடும் ஒரு பெண்ணின் குரலாக அமைந்துவிட்டதால், திரைக்கதையையே அதற்கேற்ப மாற்றி எழுத வேண்டியதாயிற்று. அதே படத்தில் தங்கை ஆன்னா அக்காவின் மூடிய கதவின் முன் மூன்று வயதுகளில் பாடும் பாட்டும் ஒரு கட்டத்தில் நீக்கப்பட்டு, பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டது. மூன்று பாடகியரின் குரலில், பெற்றோரின் மரணம் உட்படப் பல ஆண்டுகளின் பிரிவை அது மூன்றரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. அதை விட்டிருந்தால், முடிசூட்டு நாளில் அருகருகே நிற்கும் சகோதரியர் ஏன் ஒருவரோடொருவர் பேசத் தடுமாறுகின்றனர் என்பதை விளக்க வேறு பல காட்சிகளை எழுதி வரைய நேர்ந்திருக்கும்.