கையில் சான்றிதழ்... மூச்சுக்கு யார் பொறுப்பு?

பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்துவிட்டு வெளியே வரும் பெண்களிடம் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், யோசிக்காமல் வரும் பதில் ‘பிரைடல் மேக்கப்.’ காரணம் புரிகிறது. பெயர் எடுத்த ஒரு மேக்கப் ஆர்டிஸ்ட் ஒரு முகூர்த்தத்துக்கு வாங்கும் தொகை, பார்லரில் புதிதாகச் சேரும் பெண்ணின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடுகிறது. ரீல்ஸில் தெரிவதும் அந்த வெளிச்சம்தான்.

தெரியாமல் போவது காலண்டர். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்று மாதமும் முகூர்த்தம் கிடையாது. மற்ற மாதங்களிலும் நல்ல நாள் என்றால் ஊர் முழுக்க ஒரே நாள். உதவிக்கு ஆள் இல்லாமல் இரண்டு மணப்பெண்களை ஒப்புக்கொள்ள முடியாது. காலை நாலரை–ஆறு முகூர்த்தம் என்றால் நள்ளிரவு தாண்டியதும் மண்டபத்தில் இருக்க வேண்டும். முந்தின நாள் மாலை ரிசப்ஷனும் அதே பெண்ணுக்கு என்றால் அன்று இரவு தூக்கம் என்பதே இல்லை. இருபத்தைந்து வயதில் தாங்கும். நாற்பதில்?

இந்தக் கட்டுரைக்காகப் பேசியவர்களில், எந்த வேலையில் எவ்வளவு வரும் என்று சொல்ல எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எந்த வேலை உடம்பை என்ன செய்யும் என்று ஒருவரும் தானாக எடுத்துச் சொல்லவில்லை. பாதை தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

மதுரையில் ஒரு பார்லர். ஏசி ஓடுவதால் கதவு சாத்தியிருக்கிறது. கெரட்டின் சிகிச்சை நடக்கிறது. முடியை அலசி, பகுதி பகுதியாகப் பிரித்து, வேரிலிருந்து கொஞ்சம் தள்ளி கிரீமைத் தடவுகிறார்கள். ஊறியதும் டிரையர். அதற்குப் பிறகு 200 டிகிரியைத் தாண்டிச் சூடேறிய அயர்ன். ஒவ்வொரு மெல்லிய இழையாக எடுத்து, மேலிருந்து கீழே, திரும்பத் திரும்ப. அயர்ன் இறங்கும் ஒவ்வொரு முறையும் வெள்ளைப் புகை எழும்புகிறது. வாடிக்கையாளர் அம்மா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அயர்ன் பிடித்திருக்கும் பெண்ணின் முகமோ புகைக்கு நேர் மேலே. துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள். ஓரத்தில் நின்ற எனக்கே கண் எரிந்தது.

“மொதல்ல எனக்கும் எரிஞ்சுச்சு, இப்பப் பழகிருச்சுக்கா” என்றாள்.

பழகிப்போனது மூக்கு மட்டும்தான். இந்த வகை கிரீம்கள் பலவற்றில் இருக்கும் மெத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருள், சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடும். பிணவறையில் உடலைக் கெடாமல் வைக்கப் பயன்படும் ஃபார்மலின், இதே வாயு தண்ணீரில் கரைந்த கரைசல்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று ஃபார்மால்டிஹைடை 2004-லேயே முதல் பிரிவில் வைத்துவிட்டது. முடிதிருத்தும் தொழிலையே ‘அநேகமாகப் புற்றுநோய் ஆபத்து உள்ளது’ என்ற பிரிவில் அதே அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. துப்பட்டாவோ மூன்றடுக்கு மாஸ்க்கோ தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

‘இப்போது வருவதெல்லாம் ஃபார்மலின் இல்லாத சரக்கு’ என்கிறார்கள் பார்லர் நடத்துபவர்கள். சில பாட்டில்களில் அது உண்மையும்கூட. ஆனால் பாட்டிலில் ஃபார்மலின் இல்லாவிட்டாலும் சூட்டில் அந்த வாயு வரலாம் என்பதை மேலே சொன்னேன். ஃபார்மலினுக்கு மாற்றாக வந்த கிளைஆக்ஸிலிக் அமிலமும் நிம்மதி தரவில்லை. அந்த அமிலம் கலந்த கிரீமால் முடியை நேராக்கிக்கொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு, அதைச் செய்துகொண்ட ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை, பிரெஞ்சு மருத்துவர்கள் 2024-ல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். வாடிக்கையாளர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். அயர்ன் பிடிக்கும் பெண் வாரத்தில் ஆறு நாளும் அங்கேயே நிற்கிறாள். ‘ஹேர் ஸ்பெஷலிஸ்ட்’ என்று பதவி கொடுத்து, இன்சென்டிவும் சேர்த்து, சின்ன வயசுப் பெண்களை இந்த ஒரே வேலையில் நிறுத்துவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

கைக்கு வருகிறேன். கறுப்பு டையில் இருக்கும் பி.பி.டி. என்ற வேதிப்பொருள் அலர்ஜிக்குப் பேர்போனது. அதனால்தான் டை போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். வாடிக்கையாளருக்குப் பார்க்கிறோம், தினமும் அதைக் கலக்கும் கைக்கு யார் பார்க்கிறார்கள்? கூடவே நாள் முழுக்க ஷாம்பூ, தண்ணீர். விரலிடுக்கில் வெடிப்பு, அரிப்பு, நீர்க்கொப்புளம். ஒருமுறை இந்த அலர்ஜி வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். முடி சார்ந்த வேலையையே விட வேண்டிவரும். ஒரு ஜோடி நைட்ரைல் கையுறை சில ரூபாய்தான். ஒரே கையுறையைக் கழுவிக் கழுவிப் போடும் இடங்கள் இருக்கின்றன.

புதிதாகப் பெருகிவரும் நெயில் ஆர்ட்டும் இதே கதைதான். ஜெல் பாலிஷில் சேரும் டி.பி.ஓ. என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்திருக்கிறது. ராவும்போது பறக்கும் தூள் நகம் வரைபவரின் மூக்குக்குத்தான் போகிறது.

அப்படியானால் எந்தப் பாதை? முதல் இரண்டு வருடம் எல்லா வேலையும் சுழற்சியில் வரும் நடுத்தரமான பார்லரில் சம்பளத்துக்கு இருங்கள் என்பேன். த்ரெட்டிங், ஃபேஷியல், வாக்சிங், கட்டிங், புடவை கட்டுதல் எல்லாம் கையில் ஏறும். ஒரே புகைக்கு முன்னால் நாளெல்லாம் நிற்கவும் வேண்டியிருக்காது. அதன்பிறகு சருமம், மேக்கப், பயிற்சி கொடுப்பது என்று பிரியலாம். புடவைக்கு முன்கூட்டியே மடிப்பு வைத்து அயர்ன் செய்து பெட்டியில் அடுக்கிக் கொடுக்கும் வேலையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. வீட்டிலிருந்தே செய்யலாம், ரசாயனமும் இல்லை. சினிமா ஆசை இருந்தால் கதவு திறந்தே இருக்கிறது. பெண்களுக்கு மேக்கப் கலைஞர் அட்டை கொடுக்க மறுத்து, அவர்களை ஹேர் டிரஸ்ஸராக மட்டுமே வைத்திருந்த வழக்கம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2014 நவம்பரில் சொல்லிவிட்டது.

வேலை கேட்டுப் போகும் இடத்தில் சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதா? கையுறை யார் வாங்குவது? உட்கார ஸ்டூல் உண்டா? ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தமே வந்தாயிற்று. கேட்பது உங்கள் உரிமை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்குத் திட்டமிடுபவர்கள் கெரட்டின், ஸ்மூத்தனிங் நடக்கும் அறைப் பக்கமே போக வேண்டாம்.

சொந்தமாகத் தொடங்குபவர்களுக்கு முத்ரா கடனில் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரையும், ‘கிஷோர்’ பிரிவில் 5 லட்சம் வரையும் கிடைக்கும். பணம் வந்ததும் கண்ணாடி, விளக்கு, சாய்வு நாற்காலிக்குத்தான் மனசு ஓடும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் ஜன்னலுக்கும் முதலில் ஒதுக்குங்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. இருமலோ கை அரிப்போ லீவு நாளில் குறைந்து, வேலைக்குப் போனதும் திரும்ப வருகிறதென்றால், அது வேலையால் வருகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். மருத்துவரிடம் ‘பார்லரில் வேலை’ என்று மட்டும் சொன்னால் அவருக்குப் புரியாது. தினமும் கையாளும் பாட்டில்களின் பின்பக்க லேபிள் முழுதும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.