ஏற்றியது 120 மூட்டை... இறங்கியது 113!

பெரம்பலூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: 'சின்ன வெங்காயம் 120 மூட்டை கோயம்பேட்டுக்கு லாரியில் அனுப்பினேன். மறுநாள் மண்டியில் 113 மூட்டைதான் இறங்கியது என்கிறார்கள். டிரைவரைக் கேட்டால், ஏற்றியதே அவ்வளவுதான் என்கிறார். வண்டி பிடித்துக் கொடுப்பதோடு எங்கள் வேலை முடிந்தது என்கிறது லாரி ஆபீஸ். 7 மூட்டைக்கான பணத்தை நான் யாரிடம் கேட்பது?'

திருகல் நோய், இலைப்பேன் என்றுதான் வெங்காய விவசாயிகளிடமிருந்து எனக்குக் கேள்விகள் வரும். இந்தக் கேள்விக்கு நாலு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசினேன். "லாரி ரசீது வாங்கினீங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க சார், பத்து வருசமா தெரிஞ்ச ஆபீஸ்தான்" என்றார். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பச்சைக் காய்கறிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, இ-வே பில்லும் தேவையில்லை. நமக்கு இது வசதிதான். ஆனால், நாமாகக் கேட்டு வாங்காவிட்டால் அந்தச் சரக்குக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடப் பிறப்பதில்லை என்பது இதன் மறுபக்கம். துணி மூட்டைக்கும் சிமென்ட்டுக்கும் பில் இருக்கும். நம் வெங்காயத்துக்கும் தக்காளிக்கும் டிரைவரின் வாய்ச்சொல் மட்டுமே கணக்கு. களவாடுகிறவனுக்கு இதைவிடத் தோதான சரக்கு வேறென்ன வேண்டும்?

சாலைவழி சரக்குப் போக்குவரத்துக்கென்று 2007-ல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2011 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, ஊராருக்குச் சரக்கு ஏற்றும் போக்குவரத்து நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். சரக்கை ஏற்றியதும் ரசீது தர வேண்டும். 'எல்.ஆர்.' என்றும் 'பில்டி' என்றும் சொல்கிறோமே, அதுதான். அதில் எழுதியிருக்கும் மூட்டை எண்ணிக்கையும் எடையும் கோர்ட்டில் முதல்நிலைச் சான்று. அப்புறம் சரக்கு குறைந்தால், அது நிறுவனத்தின் அஜாக்கிரதையால்தான் குறைந்தது என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை. ரசீதில் 120 என்று இருந்திருந்தால், 'ஏற்றியதே அவ்வளவுதான்' என்ற பேச்சே எழுந்திருக்காது.

ரசீது வாங்குகிறவர்களும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. சரக்கின் மதிப்பு என்ற கட்டத்தை வெற்றாக விட்டுவிடுகிறார்கள். நாம் மதிப்பைக் குறிப்பிட்டு, அதற்கான கூடுதல் கட்டணத்தையும் கட்ட ஒப்புக்கொண்டால் தவிர, நிறுவனத்தின் பொறுப்பு வாடகையைப் போல பத்து மடங்கோடு நின்றுவிடும். ஈரோட்டுக்கு 50 குவிண்டால் மஞ்சள் அனுப்புகிறீர்கள், குவிண்டால் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு 6 லட்சம். லாரி வாடகை 10,000 என்றால், மொத்த லோடும் காணாமல் போனாலும் அதிகபட்சம் 1 லட்சம்தான் கேட்க முடியும். ஒன்பது மாதம் நிலத்தில் நின்ற பயிர் அது. எனவே, சரக்கு ஏற்றும் முன் நிரப்பித் தரும் படிவத்தில் மதிப்பை எழுதுங்கள். கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இனி எடைக்கு வருவோம். லாரியில் எடை குறைந்தாலே திருட்டு என்று டிரைவரின் சட்டையைப் பிடிப்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. வெங்காயம் பயணத்தில் ஈரம் வற்றி எடை குறையத்தான் செய்யும். சரியாக உணர்த்தாமல் மூட்டை பிடித்தால் இன்னும் குறையும். இயற்கையான குறைவையும் கைவைத்த குறைவையும் பிரித்தறிய எளிய வழி ஒன்றைச் சொல்கிறேன். ஏற்றும்போது பத்து மூட்டையைத் தனித்தனியே எடைபோட்டு, அவற்றின் மேல் பெயின்டில் எண் எழுதிவிடுங்கள். இறங்குமிடத்தில் அதே பத்தை மறுபடி எடைபோடச் சொல்லுங்கள். ஈரம் வற்றியிருந்தால் பத்து மூட்டையிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்திருக்கும். தராசு கோளாறாக இருந்தாலும் அப்படித்தான். எட்டு மூட்டை சரியாக இருந்து, இரண்டில் மட்டும் ஐந்தாறு கிலோ குறைந்தால் யாரோ வாயைப் பிரித்திருக்கிறார்கள் என்று பொருள். அதனால்தான் மூட்டை தைக்கும்போது எல்லாரும் போடுகிற சணலை விட்டுவிட்டு, பச்சையோ சிவப்போ நமக்கென்று ஒரு நிறத்தில் நூல் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். பிரித்தவனிடம் அந்த நேரத்தில் அந்த நூல் இருக்காது.

எடைமேடையிலும் ஒரு கண் இருக்கட்டும். காலி வண்டியை எடைபோடும்போது டீசல் டேங்க் எப்படி இருந்தது, கிளீனர் உள்ளே இருந்தாரா, ஸ்டெப்னி இருந்ததா என்பதெல்லாம் கணக்கை மாற்றும். காலி எடைச் சீட்டு, பார எடைச் சீட்டு இரண்டையும் ஒரே எடைமேடையில் போட்டு, இரண்டையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியே பொய்யாக இருந்தால்? வாட்ஸ்அப் குழுவில் புரோக்கர் அனுப்பிய வண்டி வருகிறது, லோடு ஏற்றுகிறது, போகிறது. அதன்பின் போன் சுவிட்ச் ஆஃப். அதில் மாட்டியிருந்தது வேறு யாருடைய வண்டி நம்பரோ! எம்-பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டால் வண்டியின் வகை, தகுதிச்சான்று, இன்ஷூரன்ஸ் விவரங்கள் வரும். ஈச்சர் வண்டியின் நம்பர் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு உரியது என்று காட்டினால், அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. டிரைவரை வண்டி நம்பர் தெரிய நிற்கவைத்து ஒரு படம், லைசென்ஸை ஒரு படம் எடுங்கள். நேர்மையான டிரைவர் இதற்குக் கோபப்பட மாட்டார். உரிமையாளரின் எண்ணை மட்டும் டிரைவரிடம் வாங்காமல், லாரி ஆபீஸில் வாங்கிப் பேசுங்கள்.

டிரைவர்கள் எல்லாரையும் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. வழிமறிப்பில் முதலில் அடிபடுகிறவர்கள் அவர்கள்தான். தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிய 2023 ஜூலையில் பெங்களூரில் நடந்தது நினைவிருக்கும். சித்ரதுர்கா மாவட்டம் ஹிரியூரிலிருந்து கோலார் சந்தைக்குச் சுமார் இரண்டரை டன் தக்காளி போய்க்கொண்டிருந்தது. காரில் வந்த கும்பல், 'எங்கள் வண்டியில் இடித்துவிட்டாய்' என்று மறித்துப் பணம் கேட்டது. பிறகு லோடோடு வண்டியையே ஓட்டிக்கொண்டு போய்விட்டது. கைதானவர்களில் நம் வேலூர்ப் பக்கத்துத் தம்பதியும் உண்டு. தக்காளியை விற்றதும் தமிழ்நாட்டில்தான்.

இடித்ததாகச் சொல்லி மறிப்பது பழைய தந்திரம். இரவில் அப்படி யாராவது கத்தினால் இறங்க வேண்டாம், 'ஸ்டேஷனில் பேசிக்கொள்வோம்' என்று சொல்லி வெளிச்சமுள்ள சுங்கச்சாவடிக்கோ காவல் நிலையத்துக்கோ வண்டியை விடுங்கள், 112-க்கு அழையுங்கள் என்று டிரைவரிடம் கிளம்பும்போதே சொல்லிவையுங்கள். 'விடியுமுன் மண்டியில் இருக்கணும்' என்று நெருக்காமல், ஒரு மணி நேரம் முன்னதாகவே லோடு ஏற்றி அனுப்புங்கள். தூக்கம் தாளாமல் இருட்டில் ஓரங்கட்டும் வண்டியில்தான் தார்ப்பாயை அறுக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் சரக்கு காணாமல் போனால், முதல் சில மணி நேரம்தான் முக்கியம். வண்டி உரிமையாளரைப் பிடியுங்கள். ஒவ்வொரு சுங்கச்சாவடியைக் கடக்கும்போதும் ஃபாஸ்டேக்கில் பணம் கழிந்து அவருக்குக் குறுஞ்செய்தி போயிருக்கும். கடைசியாகக் கழிந்த இடமும் நேரமும்தான் போலீஸுக்கு முதல் துப்பு. 'ஏற்றியது அந்த ஊர், தொலைந்தது இந்த ஊர், அங்கே போ' என்று அலைக்கழித்தால், அசையாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173-ம் பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுத்து எஃப்.ஐ.ஆர். பதிய வைக்கலாம். நகல் இலவசம். மறுத்தால் புகாரை மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாதீர்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆர். நகலைத்தான் கேட்கும். சரக்கை ஏற்றிச் சென்றவரே கையாடியிருந்தால் பி.என்.எஸ். 316(3)-ன்படி ஏழு ஆண்டு வரை சிறை உண்டு.

இன்ஷூரன்ஸ் என்றதும் ஒன்று: லாரிக்கு இருக்கும் இன்ஷூரன்ஸ் உங்கள் சரக்கைக் காப்பதில்லை. சரக்குக்குத் தனி பாலிசி எடுக்க வேண்டும். அதிலும் 'ஏ' வகைதான் திருட்டுக்குப் பொருந்தும்; 'பி', 'சி' வகைகள் மலிவு என்று எடுத்தால் திருட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. தாமதத்தால் அழுகியதற்கு எதிலும் இழப்பீடு எதிர்பார்க்காதீர்கள். தனி விவசாயிக்கு இது தொந்தரவுதான். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக இருந்தால் ஆண்டுக்கு ஒரே பாலிசியாக எடுத்துக்கொள்ளலாம்.

பெரம்பலூர் நண்பருக்கு வருகிறேன். உங்கள் லோடு போய் 23 நாள் ஆகிறது. ஏற்றிய தேதியிலிருந்து 180 நாளுக்குள் போக்குவரத்து நிறுவனத்துக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் வழக்கே போட முடியாது. ஆகவே இந்த வாரமே பெற்றதற்கான ஒப்புகையுடன் விரைவுத்தபாலில் அனுப்பிவிடுங்கள். ரசீது இல்லாததால் வழக்கு கடினம்தான், மறைக்கவில்லை. ஆனாலும் மூட்டை ஏற்றிய ஆட்களுக்கு 120-க்குக் கூலி கொடுத்த கணக்கு இருக்கும். அவர்களிடம் எழுதி வாங்குங்கள். மண்டியில் இறக்கிய கணக்குச் சீட்டின் நகலையும் கேளுங்கள். 'சரியாகப் பெற்றுக்கொண்டேன்' என்று அவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அடுத்த முறை, குறைவை எழுதிய பிறகே கையெழுத்துப் போடச் சொல்லிவையுங்கள். நோட்டீஸ் எழுதத் தெரியவில்லை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் உதவுவார்கள், 15100-லும் கேட்கலாம். லாரி வாடகை முன்பணத்தை ஜிபே-யில் அனுப்பியதாகச் சொன்னீர்களே, அந்தப் பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள். வண்டி அமர்த்தியதற்கு இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே எழுத்து அதுதான்.