மண்ணின் செவி

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் இரவு, கண்டிக்குக் கிழக்கே திகன, ஹாரகம ஆகிய ஊர்களில் பேரோசையொன்று கேட்டது, நிலமும் நடுங்கிற்று. கல்லுடைக்கும் வெடியோ, விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு ஏதேனும் நேர்ந்ததோ என்று மக்கள் அஞ்சினர். எனக்கோ வேறோர் ஐயம் எழுந்தது. அவ்வோசை வானத்திற் பிறந்திருக்கலாகாதா?

ஐயந்தீர்க்கும் கருவி அண்மையிலேயே உண்டு. பல்லேகலையில் 2000ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் நிலநடுக்கப் பதிகருவி, உலகளாவிய வலையமைப்பொன்றின் உறுப்பு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமாத்திரா நடுக்கத்தால் நம் நிலம் 9 சென்ரிமீற்றர் அளவுக்கு ஏறி இறங்கியதை எழுதிவைத்தது இக்கருவியே.

மண்ணுக்கென வைத்த செவி விண்ணையும் கேட்குமா? கேட்கும். விண்கல் விநாடிக்குப் பல கிலோமீற்றர் வேகத்திற் காற்றைக் கிழித்து வருகையில் அதிர்ச்சியலை எழுகின்றது. அது தரையை அழுத்த, தரை அசைகின்றது. 1908இல் சைபீரியாவின் துங்குஸ்காக் காட்டின்மேல் நிகழ்ந்த வெடிப்பை இர்க்குத்ஸ்க் நகரத்து நிலநடுக்கக் கருவி இவ்வாறே பதிந்தது.

ஆயின் அசைவு எங்கிருந்து வந்ததென அறிவது எப்படி? வேகமே காட்டிக்கொடுக்கும். கடும்பாறையில் முதலலை விநாடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீற்றர் செல்லும். காற்றில் ஒலி 340 மீற்றரே செல்லும். பல்லேகலையில் எழும் அதிர்வு 120 கிலோமீற்றர் அப்பாலுள்ள மற்றொரு கருவியைப் பாறைவழி 20 விநாடியில் எட்டும். காற்றுவழி வருமாயின் ஆறு நிமிடம் வரை செல்லும். திகனவின் அதிர்வு பூமிக்குள்ளிருந்தே வந்தது. பின்னரும் சில மாதங்கள் அங்கே சிற்றதிர்வுகள் தொடர்ந்தன.

மனிதச் செவிக்கு எட்டாத தாழொலியும் உண்டு. 2013 பெப்ரவரி 15ஆம் நாள் ருஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் விண்கல் வெடித்தபோது, அணுவெடிச் சோதனைகளைக் கண்காணிக்க அமைத்த 20 நிலையங்கள் அத்தாழொலியைக் கேட்டன. 15,000 கிலோமீற்றர் அப்பால் அந்தாட்டிக்காவிலுள்ள நிலையமும் அவற்றுள் ஒன்று.

கருவிகள் கேட்டன, மாந்தரோ ஒலியின் தாமதத்தை அறிந்திலர். பேரொளி கண்டோர் சாளரத்தருகே சென்று வான் நோக்கி நின்றனர். இரண்டு நிமிடத்துக்குப் பின்னரே நகர்நடுவை எட்டிய அலை கண்ணாடிகளை நொறுக்கிற்று. காயமுற்றோர் ஏறத்தாழ 1,500 பேர். பள்ளிப் பிள்ளைகளும் அவருள் அடங்குவர்.

ஆசிரிய நண்பர்கள் இதனை வகுப்பிற் சொல்லலாம். வானில் அத்தகைய ஒளி தோன்றினால் கண்ணாடியை விட்டு விலகி நின்று விநாடிகளை எண்ணுக. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீற்றர்.