ஒரே வன்தட்டு, விலை மட்டும் இரண்டு!

கணினிக் கடையில் ஒரே வன்தட்டு, வண்ணப் பெட்டியில் ஒரு விலையிலும் வெறும் பையில் மலிவாகவும் இருக்கலாம். மலிவானது தரம் குறைந்ததா, மாணவர்களே?

இல்லை. பையில் இருப்பது ‘ஓ.இ.எம்.’ வகை, கணினித் தயாரிப்பாளர்களுக்கு மொத்தமாக அனுப்பப்படுவது. மாடல் எண் ஒன்றானால், உள்ளே சுழலும் தட்டும் மோட்டாரும் ஒன்றே. அந்தப் பை, நிலைமின்சாரம் மின்சுற்றைத் தாக்காமல் காக்கிறது. பொருத்தும்வரை பிரிக்காதீர்கள்.

வேறுபாடு உத்தரவாதத்தில்தான். ஓ.இ.எம். வன்தட்டு பழுதானால், அதைத் தயாரித்த நிறுவனம் பொறுப்பேற்காமல் போகலாம். விற்றவரையே நாட வேண்டிவரும். எனவே, பணம் கொடுக்குமுன் வன்தட்டின் வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்தில் பதிந்து, உத்தரவாதம் உண்டா என்று பாருங்கள்.

எதை வாங்கினாலும் பாடக் கோப்புகளுக்கு இன்னொரு நகல் வைத்திருங்கள். உத்தரவாதம் மாற்று வன்தட்டைத் தரும். அழிந்த கோப்புகளைத் தராது.