வெப்ப அலையில் உட்ரெக்ட்: நிழல் தேடி ஒரு நாள்

நெதர்லாந்தில் வெப்ப அலை என்று அறிவிக்கக் கறாரான கணக்கு ஒன்று உண்டு. டெ பில்ட் என்ற ஊரிலுள்ள தேசிய வானிலை நிலையத்தில் தொடர்ந்து 5 நாட்களாவது வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தொட வேண்டும். அவற்றில் 3 நாட்களாவது 30 டிகிரியை எட்ட வேண்டும். கோடைக்குப் பழகியவர்களுக்கு இது குறைவாகத் தோன்றலாம். ஆண்டின் பெரும்பகுதி குளிரில் வாழும் உடல்களுக்கும், சூடு வெளியேறாதபடி கட்டப்பட்ட வீடுகளுக்கும் இது பெரும் சுமை. 2019 ஜூலை 25 அன்று கில்சே-ரையன் என்ற இடத்தில் 40.7 டிகிரி பதிவானது. அந்நாட்டில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியது அப்போதுதான் முதல்முறை. வழக்கமான கோடை வாரத்தைவிட அந்த வாரம் சுமார் 400 பேர் கூடுதலாக இறந்தார்கள்.

டெ பில்டை ஒட்டிய பெருநகரம் உட்ரெக்ட். வானிலை நிலையம் 1854இல் தொடங்கப்பட்டதே இந்நகரின் சோனன்போர்க் கோட்டைக் கொத்தளத்தில்தான். 1897இல் அது டெ பில்டுக்கு இடம் மாறியது. வெப்ப அலை வீசும்போதும் உட்ரெக்டில் ஒரு நாளை மகிழ்ச்சியாகக் கழிக்க முடியும். எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தால் போதும்.

வெப்பமானி சொல்லாதது

வானிலை நிலையம் அறிவிக்கும் எண், புல்தரைக்கு மேல் 1.5 மீட்டர் உயரத்தில், நேர் வெயில் படாத கருவி காட்டும் காற்றின் வெப்பம். தெருவில் நிற்பவர் உணரும் வெப்பமோ வேறு. நேராகப் படும் வெயில், சுவரும் தரையும் வீசும் வெப்பக் கதிர்கள், காற்றின் வேகம், ஈரப்பதம் ஆகிய எல்லாம் அதில் சேர்கின்றன. மர நிழலுக்குள் நுழைந்தால் காற்றின் வெப்பம் ஓரிரு டிகிரிகூடக் குறையாமல் இருக்கலாம். ஆனால் உடல் உணரும் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும்.

வாகனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சரக்கு மிதிவண்டியில் கருவிகளைப் பொருத்தி ராட்டர்டாம் தெருக்களில் ஓட்டி, இடத்துக்கு இடம் மாறும் வெப்பத்தை அளந்தார்கள். ஒரே நகரத்துக்குள், ஒரே நேரத்தில், பசுமை மிகுந்த பகுதியும் கட்டடம் நெருங்கிய பகுதியும் வெவ்வேறு வெப்பத்தில் இருந்தன. மரம் இரண்டு வேலை செய்கிறது: வெயிலை மறைக்கிறது, மண்பானை நீரைக் கசியவிட்டுக் குளிர்வதுபோல் இலைகள் வழியே நீரை ஆவியாக்கிச் சுற்றுப்புறத்தையும் குளிர்விக்கிறது.

உட்ரெக்டின் நடுவில் 112 மீட்டர் உயர டோம் கோபுரத்துக்கும் தேவாலயத்துக்கும் இடையே ஒரு திறந்த சதுக்கம் இருக்கிறது. ஒருகாலத்தில் கோபுரத்தையும் தேவாலயத்தையும் இணைத்திருந்த நடுக்கூடம் 1674 ஆகஸ்ட் 1 அன்று வீசிய கடும் இடிப்புயலில் சரிந்தது. அந்த வெற்றிடமே இந்தச் சதுக்கம். இதைக் காலையிலேயே பார்த்துவிடுவது நல்லது. நண்பகலுக்குப் பின் கல் தளம் அனலை வீசும். ஆனால் தேவாலயத்தை ஒட்டியே பாண்ட்ஹோஃப் என்ற இடைக்காலத் தோட்டம் உள்ளது. வளைவுகள் கொண்ட தாழ்வாரம், மூலிகைச் செடிகள், மெதுவாகச் சூடேறும் கனத்த சுவர்கள். சில அடி தூரத்தில் உடலுக்கு வேறு பருவமே கிடைத்துவிடுகிறது.

கால்வாய் குளிர்விக்குமா?

கால்வாய் ஓடும் நகரம் குளிர்ச்சியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அறிவியல் அவ்வளவு தாராளமாக இல்லை. நீர் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். வசந்தத்தின் முடிவில் கால்வாய் நீர் குளிர்ந்திருக்கும்போது கரையில் சிறிது இதம் கிடைக்கும். கோடை முற்றிய பிறகு, பகலெல்லாம் வெயிலை வாங்கிய நீர் இரவில் காற்றைவிடச் சூடாக இருக்கும். அந்த வெப்பத்தை நகரத்துக்கே திருப்பித் தரும். நெதர்லாந்து நகரங்களில் நடந்த ஆய்வும், திறந்த நீர்ப்பரப்பு இரவு வெப்பத்தைக் கூட்டக்கூடும் என்றே காட்டியது.

ஆனாலும் ஔடெகிராக்ட் கால்வாயில் குளிர்ச்சி உண்டு. இடைக்கால வணிகர்கள் படகுச் சரக்கை இறக்குவதற்காக, தெருவுக்குக் கீழே நீர்மட்டத்தை ஒட்டி ஒரு கரையை அமைத்தார்கள். அங்கிருந்து தெருவுக்கு அடியில் நிலவறைகள் உள்நோக்கிச் செல்கின்றன. மேலே மரங்கள், பக்கத்தில் உயர்ந்த கரைச்சுவர், உள்ளே மண் சூழ்ந்த அறை. பகல் வெயில் மண்ணுக்குள் ஆழமாக இறங்குவதில்லை என்பதால் நிலவறையின் வெப்பம் அதிகம் ஏறி இறங்காது. இன்று அவற்றில் பல உணவகங்களாக இருக்கின்றன. பிற்பகலின் உச்ச வெயிலை அங்கே கழிப்பதைவிட இதமானது வேறில்லை.

நீரில் இறங்கும் ஆசை வரும். அனுமதிக்கப்பட்ட குளியல் இடங்களுக்கு மட்டுமே செல்ல வேண்டும். வெப்பம் நீடித்தால் தேங்கிய நீரில் நீலப்பச்சைப் பாசி பெருகும். அதன் நஞ்சு தோலையும் வயிற்றையும் தாக்கும். சரக்குக் கப்பல்கள் ஓடும் ஆம்ஸ்டர்டாம்-ரைன் கால்வாயில் நீந்துவது உயிருக்கே ஆபத்து.

சூரியன் மறைந்த பிறகு

ஜூன் இறுதியில் உட்ரெக்டில் சூரியன் மறைய இரவு 10 மணி ஆகிறது. வயல்வெளி உடனே ஆறத் தொடங்கும். செங்கல்லும் தாரும் சேமித்த வெப்பத்தை நகரம் நள்ளிரவு தாண்டியும் விடுவிக்கும். குறுகிய தெருக்களில் எதிரெதிர்ச் சுவர்கள் அதை ஒன்றுக்கொன்று வீசிக்கொள்ளும். வீடுகளில் பெரிய கண்ணாடிச் சன்னல்கள். குளிரூட்டி இல்லாதவை ஏராளம். தங்குபவர்கள் காலையிலேயே சன்னலைச் சாத்தி, வெளிப்புற மறைப்பை இறக்கிவிட வேண்டும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலை உள் திரையால் முழுவதும் தடுக்க முடியாது. இரவில் வெளிக்காற்று குளிர்ந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறக்கலாம்.

அதுவரை மாலை நேரத்துக்கு மாலிபான் இருக்கிறது. 1637இல் பந்து விளையாட்டுக்காகப் போடப்பட்ட, மரவரிசைகள் கொண்ட நீண்ட சாலை. நாட்டின் முதல் மிதிவண்டிப் பாதை 1885இல் இங்கேதான் வந்தது. நிழலில் மிதிவண்டி ஓட்டும்போது கிடைக்கும் காற்றே வியர்வையை உலர்த்திக் குளிர்விக்கும். பழைய மதில் இருந்த இடத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஸோகர் என்ற தோட்டக் கலைஞர் வடிவமைத்த பூங்கா, நகரைச் சுற்றும் சிங்கல் கால்வாயோடு வளைந்து செல்கிறது. 1970களில் நெடுஞ்சாலைக்காகத் தூர்க்கப்பட்ட அந்தக் கால்வாயின் ஒரு பகுதியை 2020இல் நகரம் மீட்டெடுத்தது. தார் கிடந்த இடத்தில் இப்போது நீரோடு மரமும் புல்லும் இருப்பதே பெரிய ஆதாயம்.

அதே 2020இல் ராட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம் மக்களும் தங்கள் முற்றத்துத் தளக்கற்களைப் பெயர்த்துச் செடி நடுவதில் போட்டியிட்டார்கள். அது நாடு தழுவிய போட்டியாக வளர்ந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் 300 மீட்டருக்குள் ஒரு குளிர்ந்த இடம் இருக்க வேண்டும் என்று ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் அளவு வகுத்திருக்கிறார்கள். முதியவர் ஒருவர் வெயிலில் நடந்து சேரக்கூடிய தூரம் அது. இந்த அளவை எந்த நகரமும் தன் சட்டமாக்கிக்கொள்ளலாம். கோடையில் தெருவில் இறங்கி மகிழ்வது எல்லோருக்குமான உரிமை. குளிரூட்டி வாங்க வசதியில்லாதவருக்கும் அதைத் தரக்கூடியது பொது இடத்து நிழல்தான். குடிநீரையும் சாலையையும்போல் அதையும் நகராட்சியிடம் கேட்டுப் பெற வேண்டும்.