வில்லங்கச் சான்றும் குவாண்டம் கையெழுத்தும்

செஞ்சியில் எங்க மனைக்கு ஆன்லைனில் வில்லங்கச் சான்று எடுத்தேன். பேனா கையெழுத்து கிடையாது, டிஜிட்டல் கையெழுத்துதான். ஆர்எஸ்ஏ போன்ற முறைகளுக்குப் பலமே ஒரு கணக்கின் கடினம். பெரிய குவாண்டம் கணினி வந்தா அது உடையும்னு பீட்டர் ஷோர் 1994-லேயே காட்டிட்டார். நிலப் பத்திரமோ மூணு தலைமுறைக்கு நிக்கணும்.

காட்ஸ்மனும் சுவாங்கும் 2001-இல் குவாண்டம் கையெழுத்தை முன்வைத்தார்கள். பின்னால் வந்த எளிய வடிவம் இது: 'சரி' என்ற செய்திக்கு ஒன்று, 'இல்லை'க்கு ஒன்று என ரகசிய பிட் வரிசைகளை உங்களுக்கும் உங்க தம்பிக்கும் தனித்தனியா குவாண்டம் இணைப்பில் தர்றேன். நீங்க ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதியை எனக்குத் தெரியாம மாத்திக்கிறீங்க. பிறகு செய்தியோட அதற்குரிய வரிசைகளை நான் வெளியிட்டா, ஒப்பிட்டுப் பார்க்கலாம். எது யாரிடம்னு எனக்குத் தெரியாது. அதனால ஒருத்தர் ஏற்க, மற்றவர் மறுக்கிற மாதிரி ஏமாத்த முடியாது. தம்பி தன்னிடமே வெச்சிருக்கும் பாதி தெரியாததால், நீங்களும் போலி போட முடியாது.

2022 பிப்ரவரியில் டிஆர்டிஓவும் ஐஐடி டெல்லியும் பிரயாக்ராஜ்–விந்தியாசல் இடையே, 100 கி.மீ.க்கு மேல், குவாண்டம் முறையில் சாவி பரிமாறிக் காட்டின. இந்தக் கையெழுத்துக்கும் அந்த வகைக் கருவியே போதும்.

ஆனா சரிபார்ப்பவர் முன்கூட்டியே இணைப்பில் இருக்கணும். என் சான்றை நாளைக்கு எந்த வங்கி, எந்தக் கோர்ட் பார்க்கும்னு யாருக்குத் தெரியும்? நிஸ்ட் 2024-இல் வெளியிட்ட எம்எல்-டிஎஸ்ஏ மாதிரி, குவாண்டம் கணினிக்கும் அசையாதுன்னு நம்பப்படும் பொதுச்சாவிக் கையெழுத்துதான் என் மனைக்கு ஒத்துவரும்.